பச்சை வீடும் நீல வீடும்

என் மாமாவுக்கு ஓட்டு இல்லை. ஆனால் கட்சிக்காக அவரைப் போலச் சண்டை போட்டவர் எங்கள் தெருவில் வேறு யாரும் இல்லை.

மாத்தளைப் பக்கம், இரத்தோட்டைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்ட இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள் இருந்தோம், மற்றதில் மாமா. அவர் அம்மாவின் அண்ணன். அவருடைய மனைவி, என் அத்தை, அப்பாவின் தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். அப்பாவும் மாமாவும் ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்து அறைகளில் வளர்ந்தவர்கள். கொழுந்து மலையில் வேலை வேண்டாம் என்று சேர்ந்தே கடைவீதிக்கு இறங்கி வந்தவர்கள். அப்பா தையல் பழகித் தெருவோரத்தில் ஒரு சின்னக் கடை போட்டார். மாமா லொறிச் சாரதியானார். கலேவெல, தம்புள்ளைப் பக்கம் மிளகாயும் வெங்காயமும் ஏற்றிக் கொழும்புக்கு ஓட்டுவார்.

சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத்துத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்திருந்தார்கள், விண்ணப்பித்துத்தான் திரும்பப் பெறவேண்டும். அப்பாவுக்கு அது கிடைத்திருந்தது. மாமாவின் விண்ணப்பம் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கிடந்தது. அதனால் அவர் நாடற்றவர். ஓட்டு இல்லாதவர்.

நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளையும் எங்கள் தெருவில் பேர் சொல்லிப் பேசமாட்டார்கள், நிறம்தான். அப்பா பச்சை. மாமா நீலம். தொடக்கத்தில் இதற்குச் சரியான காரணங்கள் இருந்தன. எழுபதுகளின் முற்பகுதியில் நீலக் கட்சியின் ஆட்சி. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோய் துணிக்குத் தட்டுப்பாடு. துணி இல்லாவிட்டால் தையல்காரருக்கு என்ன வேலை? அப்பா பழைய காற்சட்டையைப் பிரித்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் அவற்றைப் பயிர் போட்ட கலேவெல கமக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. மாமாவுக்கு ஓய்வில்லாத ஓட்டம். ஒருவர் வயிற்றில் அடித்த ஆட்சி மற்றவருக்குச் சோறு போட்டது. அவரவர் தம் பாட்டைப் பேசினார்கள்.

அந்த நாட்களில் அது விளையாட்டுப் போலத்தான் இருந்தது. லொறி ஓட்டம் இல்லாத மாலைகளில் மாமா தையல் கடையின் வாங்குப் பலகையில் வந்து உட்காருவார்.

"பாணுக்கு விடிய எந்திரிச்சு வரிசையில நிக்கிறோம். இதுக்குப் பேரு ஆட்சியா மச்சான்?" என்று அப்பா தொடங்குவார்.

"மரவள்ளி சாப்பிடு. ஒடம்புக்கு நல்லது. வெள்ளக்காரன் மாவு தின்னுதான் ஒனக்கு மூளை வேலை செய்யல."

"ஒன்னய இந்தியாவுக்குக் கப்பல் ஏத்துற ஒப்பந்தம் போட்டது யாரு? ஒங்க ஆளுங்கதானே?"

"அது ஆபீசருங்க செய்யிற வேலை. மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாது."

இருவரும் சிரிப்பார்கள். அம்மா தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் வேற பேச்சே கெடையாதா?" என்று கேட்பார்.

எழுபத்தேழில் தேர்தல் வந்தது. பச்சைக் கட்சி பெரிய வெற்றி பெற்றது. எனக்கு அப்போது பதினேழு வயது. பாடசாலை மூடியிருந்ததால் நான் அப்பாவின் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பட்டாசு கொளுத்திக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. மாமாவின் லொறி கடைக்கு எதிரே நின்றிருந்தது. முன்பக்கம் நீலப் பூச்சு. முதலாளியின் லொறிதான், என்றாலும் அந்த நிறத்தைக் கேட்டுப் பூசுவித்தவர் மாமா. கூட்டத்தில் இருந்தவர்கள் ஒரு தகரத்தில் பச்சைப் பெயின்ற் கொண்டுவந்து லொறியின் முகத்தில் ஊற்றினார்கள். கண்ணாடியிலும் பூசினார்கள். மாமா ஓடிவந்து தடுத்தபோது அவர் தலையிலும் ஊற்றினார்கள். அப்புறம் சிரித்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள்.

அப்பா கடை வாசலில் நின்றிருந்தார். இதை நான் கண்ணால் கண்டபடி சொல்கிறேன். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கையில் கத்தரிக்கோல். அவர் வாய் ஏதோ சொல்லத் திறந்தது, சத்தம் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாத மனிதர்களின் முகத்தில் வருமே ஓர் அசட்டுச் சிரிப்பு, அது அவர் முகத்தில் வந்தது. மாமா தலையிலிருந்து பெயின்ற் வழிய நிமிர்ந்து பார்த்த நேரத்தில் அந்தச் சிரிப்பு அங்கே இருந்தது.

அன்றோடு பேச்சு நின்றது.

"கடைவாசல்ல நின்னு பல்லக் காட்டிச் சிரிச்சான். கூட்டத்தக் கூட்டிட்டு வந்ததே அவன்தான்" என்று மாமா சொன்னார். கூட்டிவந்தது என்ற பகுதி முதல் வாரத்தில் இல்லை. அடுத்த மாதம் வந்து சேர்ந்தது.

"நான் எவ்வளவோ கத்தினேன். ஊத்தாதீங்கடான்னு குறுக்க விழுந்தேன். அவன் நன்றி கெட்டவன்" என்று அப்பா சொன்னார். முதலில் கத்தியதாக மட்டும் சொன்னார். குறுக்கே விழுந்தது பிறகு வந்தது.

இருவரும் பொய் சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆகின. சொல்லச் சொல்ல அவர்களுக்கு அது நினைவாகவே ஆகிவிட்டது. சத்தியம் பண்ணச் சொன்னால் இருவருமே கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணியிருப்பார்கள்.

நான் நடந்ததை நடந்தபடி இருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். மாமாவிடம், "அப்பா கூட்டிட்டு வரல மாமா. சிரிச்சது கூட வேணும்னு இல்ல" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கப்பன் சொல்லிக் குடுத்து அனுப்பினானா?" அப்பாவிடம், "நீங்க கத்தலப்பா, கத்த வாயெடுத்தீங்க" என்றேன். "நீ அந்த வீட்டுச் சோறு திங்கிறவ. அப்பிடித்தான் பேசுவ" என்றார். இரண்டு வீட்டிலும் நான் மற்ற வீட்டுக்காரியானேன். அதன் பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

அம்மாவும் அத்தையும் மட்டும் வழக்கம்போல இருந்தார்கள். சுவருக்கு மேலால் கறிக் கோப்பை போகும், வரும். யார் செய்தியையும் யாருக்கும் கொண்டுபோவதில்லை என்று இருவரும் தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். அம்மாவுக்கு ஓட்டு இருந்தது. அவர் தன் பெண்சாதி, ஆகவே பச்சை என்று அப்பா நம்பினார். தன் தங்கை, ஆகவே நீலம் என்று மாமா நம்பினார். அம்மா யாருக்குப் போட்டார் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஆட்சி மாறியதும் நாட்டின் கதவு திறந்தது. வெளிநாட்டுத் துணியோடு வெளிநாட்டில் தைத்த உடுப்பும் மூட்டை மூட்டையாக வந்தது. மாத்தளை டவுனில் நடைபாதையில் குவித்துப் போட்டு விற்றார்கள். அப்பா ஒரு சட்டை தைக்கக் கேட்கும் கூலிக்கு அங்கே சட்டையே வாங்கலாம். கடையில் வேலை குறைந்தது. பண்டிகைக் காலம் தவிர மற்ற நாட்களில் கிழிசல் தைப்பதும் காற்சட்டைக்குக் கரை மடிப்பதும்தான். மாமாவுக்கோ யோகம் அடித்தது. முதலாளி ஜப்பான் லொறி ஒன்று இறக்கினார். உதிரிப்பாகத்துக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடப்பது நின்றது. கதவு திறந்த நாட்டில் ஏற்ற இறக்கச் சாமானுக்குக் குறைவே இல்லை.

நியாயப்படி பார்த்தால் அப்பா நீலமாகவும் மாமா பச்சையாகவும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. காரணங்கள்தான் மாறின.

"நாடு முன்னேறும்போது நாலு தையல்காரனுக்கு வேலை போகத்தான் செய்யும். நாம நம்மள மட்டும் பாக்கக்கூடாது" என்று அப்பா சொன்னார். தன் தொழில் படுத்ததைப் பற்றி அவ்வளவு பெருந்தன்மையாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. மாமா புதிய லொறியின் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் குப்பைச் சாமான். நாட்டையே வித்துட்டானுங்க" என்பார்.

இதற்கிடையில் மற்றதெல்லாமும் நிறம் பூசிக்கொண்டது. அப்பா தலைமுடி வெட்டுகிற கடையை மாற்றினார், பழைய கடைக்காரர் நீலம் என்பதால். மாமா பச்சைக்காரர் ஒருவரின் பேக்கரிப் பாணைத் தொடமாட்டார். அப்பா காலையில் வானொலிச் செய்தியைச் சத்தமாக வைப்பார். அதே செய்தியைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா கேட்பார். செய்தி முடிந்ததும் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தை வரும்: "பாத்தியா, நான் சொன்னேன்ல?"

எண்பத்து மூன்று ஆடி மாதத்தில் தமிழருக்கு எதிரான கலவரம் மாத்தளைக்கு வந்தது. அதற்கு முன்னும் கலவரங்கள் நடந்திருந்தன, எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. இந்த முறை பட்டப்பகலில் வந்தது. டவுன் பக்கம் புகை எழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே, ஆட்கள் இரத்தோட்டைக்கு ஏறி வருகிறார்கள் என்று சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் முஸ்லிம் வியாபாரி ஒருவரின் பண்டகசாலை இருந்தது. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கிக் காயவைத்து அனுப்புபவர். அவர் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து, "நிக்காதீங்க, உள்ளுக்கு வாங்க எல்லாரும்" என்றார். நாங்கள் ஒரு வழியால் ஓடினோம். மாமா குடும்பம் மறு வழியால் ஓடியது. உள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் குந்தியபோது இரண்டு குடும்பமும் ஒரே இடுக்கில் இருந்தது. அப்பாவும் மாமாவும் தோளோடு தோள் முட்ட இருந்தார்கள். வேறு இடம் இல்லை.

வியாபாரி கதவை இழுக்கும்போது, "எல்லாரும் உள்ளுக்கு ஈக்கிறீங்கதானே? மூச்சு விடப்படாது" என்றார்.

வெளியே கண்ணாடி உடையும் சத்தம். பிறகு கூட்டம் பண்டகசாலை முற்றத்துக்கு வந்தது. வியாபாரி சிங்களத்தில் பேசினார். உள்ளே இருப்பது தன்னுடைய சரக்கு, முஸ்லிம் ஆளுடைய சரக்கு, வேறொன்றும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே மிளகுத் தூசி கிளம்பியிருந்தது. கண் எரிந்தது. அப்பாவுக்குத் தும்மல் வந்தது. அவர் மூக்கைப் பிடித்தார், தலை பின்னால் போனது, வாய் திறந்தது. மாமா தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அப்பாவின் முகத்தில் வைத்து அமுக்கினார். இன்னொரு கையால் பிடரியைப் பிடித்துத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அப்பாவின் உடம்பு இரண்டு முறை குலுங்கியது. சத்தம் வெளியே வரவில்லை.

கூட்டம் போன பிறகும் மாமா கையை எடுக்கவில்லை. "விடுங்கண்ணே, மூச்சு முட்டுது அவருக்கு" என்று அம்மா சொன்ன பிறகுதான் எடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கடை எரிந்துவிட்டது. தையல் மெஷின் கறுத்த இரும்பாகக் கிடந்தது. இரண்டு வீடுகளின் கதவு யன்னல்களை உடைத்துச் சாமான்களை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதைச் செய்தவர்கள் யார் பச்சை, யார் நீலம் என்று கேட்டுக்கொண்டு செய்யவில்லை. எங்களைப் பாடசாலை ஒன்றில் முகாமில் வைத்தார்கள். ஒரே வகுப்பறையில் இரண்டு குடும்பமும். முதல் நாள் பேச்சு இல்லை. அடுத்த நாள் மாமா ஒரு வாளித் தண்ணீரை அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இனி எல்லாம் சரியாகிவிடும், இவ்வளவுக்குப் பிறகு இவர்கள் எதற்குச் சண்டை போடப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

அதற்கடுத்த நாள் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே மாமா சொன்னார்: "இப்பவாச்சும் தெரிஞ்சுதா ஒங்க ஆட்சி லட்சணம்?"

அப்பா கையில் எடுத்த சோற்றைத் திரும்ப இலையில் போட்டார். "இது ஆட்சி செஞ்சது இல்ல. காடையனுங்க செஞ்சது. மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாது."

"பொலீஸ் பாத்துக்கிட்டு நின்னுச்சே?"

"அந்தப் பொலீஸ்காரனுங்க ஒங்க காலத்துல எடுத்த ஆளுங்க."

தன் கடையை, தன் மெஷினை, தான் ஓட்டுப் போட்ட ஆட்சியில் எரியக் கொடுத்த மனிதர், அந்த ஆட்சிக்காக முன்னைவிட உரத்துப் பேசினார். இப்போது யோசித்தால் விளங்குகிறது. கட்சி தவறு என்றால் அவர் அத்தனை வருடமும் முட்டாளாக இருந்தார் என்று ஆகும், மச்சானோடு பேசாமல் இருந்ததும் வீண் என்று ஆகும். மெஷினை இழந்த வாரத்தில் அதையும் இழக்க அவரால் முடியவில்லை.

நான் குறுக்கே பேச எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "விடு. பேசுறாங்கல்ல? அது போதும்."

உண்மைதான். அன்றிலிருந்து அவர்கள் பேசினார்கள். திரும்பி வந்ததும், மாமா தம்புள்ளையில் ஒருவரிடம் பழைய கைமெஷின் ஒன்று வாங்கி வந்தார். அப்பாவின் கடை எழும்பும்வரை அது மாமா வீட்டு முன் அறையில் ஓடியது. அங்கேயே வாதமும் நடந்தது. பெயின்ற் கதை மட்டும் வரவே வராது.

எண்பதுகளின் கடைசியில் நாடற்றவர்களாக இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தார்கள். மாமாவின் பேர் வாக்காளர் இடாப்பில் வந்தது. அவர் பிறந்த நாட்டில், நரைத்த தலையோடு, முதல் ஓட்டு. ஆனால் அது எப்படிப்பட்ட காலம்! கிளர்ச்சி செய்த சிங்கள இளைஞர்கள் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொல்லிச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். முதலில் வந்து ஓட்டுப் போடுகிறவர்களைச் சுடுவோம் என்று எழுதியிருந்தது. மறு பக்கத்தில் சீருடைக்காரர்கள் இளைஞர்களைத் தேடிப் பிடித்தார்கள். வீதியோரங்களில் பிணங்கள் கிடந்த மாதங்கள் அவை. மாத்தளைக்கு பஸ்ஸில் போகும்போது யன்னல் பக்கம் பார்க்க மாட்டோம்.

"நீங்க போகாதீங்கண்ணே" என்று அம்மா சொன்னார். அத்தை அழுதார்.

"நான் போவேன்" என்றார் மாமா.

அப்பா அன்று ஓட்டுப் போடப் போவதாகவே இல்லை. முந்திய நாள் அப்படித்தான் சொல்லியிருந்தார். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படியிறங்கியதைப் பார்த்ததும் அவரும் செருப்பை மாட்டினார்.

"நீ எங்க வர்ற?"

"ஒன் ஓட்ட வெட்ட ஆள் வேணாமா? நீ ஒண்ணு போட்டா நான் ஒண்ணு போடணும்."

நானும் கூடப் போனேன். வாக்களிப்பு நிலையத்தில் வரிசை இல்லை. துவக்கோடு நின்ற பொலீஸ்காரர்கள் எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அதிகாரி பேரைக் கேட்டபோது மாமா ஒன்றுக்கு இரண்டு தடவை சத்தமாகச் சொன்னார். அடைப்புக்குள் போனவர் வர நேரமானது. வெளியே வந்தபோது இடது கைச் சின்னவிரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்திருந்தார், மை காயவேண்டும் என்பதுபோல.

"எனக்கு எதிராத்தானே போட்டே?" என்று அப்பா கேட்டார்.

"பின்ன, ஒன் மூஞ்சியப் பாக்கவா வந்தேன்?"

மிளகுக் கொடித் தோட்டங்களுக்குள்ளால் வீட்டுக்கு வந்தோம். வந்ததும்தான் மையின் பயம் பிடித்தது. மை பட்ட விரலை வெட்டுகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அப்பா தன் விரலைத் தேசிக்காய்ப் புளியால் தேய்த்தார், பிறகு மெஷினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயால் தேய்த்தார். தோலில் கொஞ்சம் போனது, நகத்தில் போகவில்லை. மாமா தேய்க்க மறுத்தார்.

"எத்தன வருசம் காத்திருந்து வாங்கின மை இது. கழுவச் சொல்றியா?"

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அப்பா கடைக்குள் போய் ஒரு துண்டுத் துணி கிழித்துக்கொண்டு வந்தார். மாமாவின் விரலைத் தன் மடியில் வைத்து, காயத்துக்குக் கட்டுவதுபோல மை மறையச் சுற்றி, நூலால் இறுக்கினார். "கழுவ வேணாம். கட்டு இருக்கட்டும். யாராச்சும் கேட்டா லொறிக் கதவு நசுக்கிடுச்சுன்னு சொல்லு."

"ஒன் வெரலு?"

"எனக்கு ஊசி குத்திடுச்சு."

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா? எவன்டா நம்புவான்?" என்றார் மாமா. முதலில் அத்தைதான் சிரித்தார்.

தொண்ணூறுகளில் அப்பா இறந்தார். சுவாசக் கோளாறு, நீண்ட நாள் கிடந்துதான் போனார். அடுத்த தேர்தலில் நீலக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அவ்வளவு வருடம் கழித்து வந்த வெற்றிக்கு மாமா பட்டாசு கொளுத்தவில்லை. தெருவில் ஊர்வலம் போனபோது கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு மாலைகளில் எங்கள் வீட்டில்தான் இருப்பார். ஒரு நாள் பாண் விலை கூடியதைப் பற்றி அவருடைய மகன் ஏதோ சமாதானம் சொன்னான். அவனும் நீலம். யுத்தச் செலவு, உலகச் சந்தை என்றான். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாண் விலைய ஏத்துறதுக்குப் பேரு ஆட்சியா? ஏழை சனம் எதத் தின்னும்? மரவள்ளியத் தின்னச் சொல்றியா?" என்று கத்தினார்.

மகன் சிரித்தான். என் அப்பா அவனுக்கு மாமா. "அப்பா, இது மாமா பேசின பேச்சு. அப்பிடியே அவரு குரல்ல பேசுறீங்க."

"எது? நான் எப்பவும் சொல்றதத்தான் சொல்றேன். நான் எப்பவாச்சும் மாறியிருக்கேனா?" மாமா உண்மையிலேயே புண்பட்டவராக என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு."

"இல்ல மாமா" என்றேன்.

கடைசிவரை அவர் நீலத்துக்குத்தான் ஓட்டுப் போட்டார். தேர்தல் நாளில் காலையில் அம்மாவும் அவரும் சேர்ந்து நடந்து போவார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாமாவுக்குப் பார்வை மங்கல். வழியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். திரும்பி வரும்போது மீன்காரன் நின்றால் மீன் வாங்கி வருவார்கள். எந்த மீன் நல்லது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அதனால் இரண்டும் வாங்குவார்கள்.